குழிக்கு ஒரு கண்ணாடி

பணிமனையில் எல்லோரும் அவரைக் குழியார் என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ்ஸை மேலே நிறுத்திவிட்டு அடிப்பக்கத்தைப் பார்ப்பதற்காகத் தரையில் நீளமாக ஒரு குழி வெட்டி, சிமெண்ட் பூசி வைத்திருப்பார்களே, அதில்தான் அவருக்கு இருபத்திரண்டு வருஷமாக வேலை. எட்டுப் படி இறங்கினால் தலைக்கு மேல் பஸ் கூரை மாதிரி நிற்கும். சுத்தியலால் ஒரு தட்டு, டார்ச்சால் ஒரு பார்வை, விரலால் ஒரு தடவல். எல்லாம் முடிந்து சுவரில் இருக்கும் மணியை அவர் அமுக்கினால்தான் பஸ் ரோட்டுக்குப் போகும்.

அப்படி அவர் மணி அமுக்கி அனுப்பிய பஸ் ஒன்று செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு திரும்பி வந்தது. பின் சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அதில் முதல் பட்டை இரண்டாக முறிந்திருந்தது. டிரைவர் கெட்டிக்காரர். மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து சேர்த்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஃபோர்மேன் முறிந்த பட்டையைக் கழற்றிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். அவரும் குழியாரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருத்தர் மேலே போனார், ஒருத்தர் கீழே போனார் என்று அவர்களே சொல்லிச் சிரித்துக்கொள்வது உண்டு. அன்றைக்கு ஃபோர்மேன் சிரிக்கவில்லை.

"முறிஞ்ச இடத்தைப் பாருய்யா. பாதி பளபளன்னு இருக்கு, பாதி துரு. துரு எங்கேருந்து வந்துது?"

குழியாருக்குக் கேள்வியே பதிலாக இருந்தது. பளபளப்பு இன்றைக்கு முறிந்தது. துருப்பிடித்த பாதி பல நாளாக வாய் பிளந்திருந்த விரிசல். அந்த நாட்களில் இரண்டு தடவையாவது அவர் அதன் அடியில் நின்று டார்ச் அடித்திருக்கிறார்.

"பாத்தேன்ப்பா. தெரியல."

"பாத்தியா, தெரியலயா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"ரெண்டும்தான்."

ஃபோர்மேன் பட்டையைத் திருப்பிப் போட்டார். "நாளையிலேருந்து சனிக்கிழமை வரைக்கும் குழிய நான் பாத்துக்கறேன். நீ போய்க் கண்ணைக் காட்டு. திங்கட்கிழமை வா. அன்னிக்குப் பூரா நீ பாத்து விடற ஒவ்வொரு வண்டியையும் உன் பின்னாடியே நானும் பாப்பேன். நீ விட்டது ஒண்ணு என் கண்ணுல பட்டாலும் சரி, அப்புறம் கேட்டுல உக்காந்து வண்டி நம்பர் எழுதற வேலைதான் உனக்கு. வருத்தப்படாத. மேல அறுபது பேர் உக்காந்து போறாங்க."

வருத்தப்படாதே என்று சொன்னால் வருத்தம் நின்றுவிடுமா. கேட்டில் உட்கார்ந்து நம்பர் எழுதுவது கௌரவக் குறைவான வேலை ஒன்றும் இல்லை. ஆனால் குழியாருக்குப் பஸ் என்றால் அடிப்பக்கம்தான். பக்கவாட்டில் எழுதியிருக்கும் நம்பரை வைத்து அவருக்கு ஒரு வண்டியையும் அடையாளம் தெரியாது.

விரிசல் தெரியாமல் போனதற்குக் காரணம் அவருக்கே தெரியும். போன வருஷம் இரண்டு பவர் கண்ணாடி வந்தது. கண்ணாடி முழுக்கத் தூரத்துக்கு, கீழே மட்டும் அரைவட்டமாக ஒரு துண்டு, கிட்டத்தில் பார்க்க. வீட்டில் அதைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தால் எழுத்து கல்லில் வெட்டினது மாதிரி இருக்கும். குழியில் பார்க்க வேண்டியதெல்லாம் தலைக்கு மேலே, கைக்கெட்டும் தூரத்தில். அண்ணாந்தால் கண்ணுக்குக் கிடைப்பது மேல்பாதி, அதாவது தூரத்துப் பவர். கிட்டத்துத் துண்டு அதுபாட்டுக்குக் கன்னத்துக்குக் காவல் இருக்கும். அதனால் அவர் இடது கையால் கண்ணாடியை நெற்றி வரைக்கும் உயர்த்திப் பிடித்து, பிடரி முதுகில் முட்டும் அளவுக்குக் கழுத்தை மடக்கி, அந்தத் துண்டுக்குள் பஸ்ஸைக் கொண்டுவருவார். ஒரு கை கண்ணாடிக்கு, ஒரு கை வேலைக்கு, டார்ச் வாய்க்கு. கொஞ்ச நாளில் அதுவும் சலித்துப்போய்க் காதையும் விரலையும் நம்ப ஆரம்பித்தார். காதும் விரலும் அவரை ரொம்ப நாள் காப்பாற்றின. செவ்வாய்க்கிழமை கைவிட்டுவிட்டன.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி தைல பாட்டிலை எடுத்து அவர் முன்னால் வைத்தார். அப்புறம், "ஒரு வருஷமா கழுத்து வலி கழுத்து வலின்னு நான் தேய்ச்ச தைலத்துக்கு ஒரு பஸ்ஸே ஓடியிருக்கும். கண்ணாடியாலதான் வலின்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?" என்றார்.

"வயசானா இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"நீங்க நெனைக்கறதை எல்லாம் நெனச்சுட்டே இருங்க. நாளைக்குக் காலைல முதல் வேலையா கண்ணாடிக் கடை."

போன வருஷம் கண்ணாடி வாங்கிய அதே கடை, இரண்டு அறை. முன்னறையில் ஃபிரேம்கள் சுவர் முழுக்க. பின்னறையில் தண்ணீர் சொட்டச் சொட்டச் சாணைக்கல் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் முன்னால் உட்கார்ந்து லென்ஸ் வெட்டுகிற பெண்மணியை அந்தத் தெருவே லென்ஸக்கா என்று கூப்பிடும். கண் சோதிப்பதும் அவரே, வெட்டுவதும் அவரே. முதலாளி கல்லாவில் இருப்பார்.

"பவர் கூடிடுச்சு போலம்மா" என்றார் குழியார். "நல்லதா ஒண்ணு போட்டுக் குடுங்க. எங்க ஃபோர்மேன் போட்டிருக்கார், கோடே தெரியாது. மேலேருந்து கீழ வரைக்கும் எல்லாம் தெரியுமாம்."

லென்ஸக்கா எழுத்து அட்டையைக் கையில் கொடுத்தார். குழியார் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தார்.

"பவர் அப்படியேதான் இருக்குண்ணே. எது தெரியலங்கறீங்க?"

"எழுத்தெல்லாம் தெரியுது. பஸ்தான் தெரியல."

கல்லாவில் இருந்த முதலாளி சிரித்துவிட்டார். லென்ஸக்கா சிரிக்கவில்லை. "பஸ் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"தலைக்கு மேல."

"காட்டுங்க. இப்ப பஸ்ஸுக்கு அடியில நிக்கறீங்கன்னு வச்சுக்கங்க."

குழியார் எழுந்து நின்று, கண்ணாடியை இடது கையால் உயர்த்தி, கழுத்தை மடக்கி, டார்ச் இருக்கிற மாதிரி வாயையும் திறந்து காட்டினார். லென்ஸக்கா சாணைக்கல்லை நிறுத்தினார். அது ஓய்ந்து நிற்கும் வரைக்கும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வருஷமா இப்படியேவா?"

"வேற எப்படி?"

"உங்க கார்டுல மெக்கானிக்குன்னு எழுதினது நான்தாண்ணே. மெக்கானிக்குன்னா குனிஞ்சு எஞ்சினைப் பாப்பாருன்னு நானே முடிவு பண்ணிட்டேன். எங்க தொழில்ல கிட்டத்துப் பார்வை சோதனைன்னாலே அட்டையைக் கையில குடுத்து மடிக்கு நேரா பிடிக்கச் சொல்றதுதான். இத்தனை வருஷத்துல ஒருத்தரைக்கூட அண்ணாந்து பாருங்கன்னு சொன்னதில்ல. தப்பு என்னுது."

பணிமனையில் ஒரு தப்பு நடந்தால் முதலில் ரோட்டைச் சொல்வார்கள், அப்புறம் மழையை, அப்புறம் உதிரி பாகம் செய்தவனை. யாரும் கேட்காமலே ஒருத்தர் தப்பு என்னுடையது என்று சொல்லி அவர் கேட்டதில்லை.

"அப்ப அந்தக் கோடு தெரியாத கண்ணாடி?"

"நல்ல கண்ணாடிதான். மேல தூரம், நடுவுல நடு, கீழ கிட்டம். நீங்க அண்ணாந்தா அதுலயும் தூரம்தான் கிடைக்கும். ஓரத்துல வேற பிம்பம் நெளியும். நீங்க படி எறங்கணுமா?"

"எட்டுப் படி."

"பழகற வரைக்கும் எட்டும் தண்ணியில மிதக்கற மாதிரி இருக்கும். உங்க ஃபோர்மேன் நாற்காலியில உக்காந்து பாக்கறவர். அவருக்கு அது சரி."

இந்தக் கடைசி வாக்கியம் குழியாருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் மதிய இடைவேளையில் லென்ஸக்கா பணிமனைக்கே வந்துவிட்டார். கையில் ஒரு டேப், மார்க்கர் பேனா, நோட்டு. ஃபோர்மேன் ஒரு பழைய வண்டியைக் குழிக்கு மேல் நிறுத்தி, சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, "சேலையில கிரீஸ் பட்டா போகாதும்மா, பாத்து" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

படி இறங்கியதும் லென்ஸக்கா அண்ணாந்து பார்த்தார். நாம் உட்கார்ந்து போகிற பஸ்ஸுக்குக் கீழே இவ்வளவு இருக்கும் என்று யாருக்குத் தெரியும். குழாய்கள், தண்டுகள், போல்ட்டுகள், எண்ணெய் வழிந்து காய்ந்த கறுப்பு, அதற்கு நடுவே புதிதாக மாற்றிய ஒரு நட்டின் வெள்ளி.

"இதுல எதையெல்லாம் பாப்பீங்க?"

குழியார் சுத்தியலை எடுத்து ஒரு போல்ட்டைத் தட்டினார். டிங் என்றது. அடுத்ததைத் தட்டினார். டிங். மூன்றாவது டொக் என்றது.

"லூஸு" என்றார் குழியார்.

லென்ஸக்கா கையை நீட்டி அதைத் திருகிப் பார்த்தார். அசையவில்லை. "கெட்டியாதானே இருக்கு?"

"உங்க கைக்குக் கெட்டி. ரோட்டுக்கு லூஸு." ஸ்பானரை மாட்டி ஒரு அழுத்து அழுத்தினார். கால் சுற்று போயிற்று. மறுபடி தட்டினார். டிங்.

லென்ஸக்கா அந்த மூன்று போல்ட்டையும் தானே தட்டிப் பார்த்தார். "கண்ணே இல்லாம பாதி வேலைய முடிச்சுடறீங்க."

"மீதிப் பாதிதாம்மா பிரச்சனை. விரிசல் ஆரம்பத்துல சத்தம் போடாது."

அப்புறம் லென்ஸக்கா அளக்க ஆரம்பித்தார். கண்ணிலிருந்து ஆக்சிலுக்கு எவ்வளவு, ஸ்பிரிங் பட்டைக்கு எவ்வளவு, பிரேக் குழாய்க்கு எவ்வளவு. பேப்பர் படிப்பதைவிட எல்லாமே ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. "படிக்கற பவரை அப்படியே போட்டா இங்க மங்கும். கால் பங்கு கொறைக்கணும்" என்று நோட்டில் எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"இப்ப நான் கேக்கறதுக்கு நல்லா யோசிச்சுப் பதில் சொல்லணும். எல்லாம் தெரியற கண்ணாடின்னு ஒண்ணு கிடையாதுண்ணே. ஒண்ணைக் குடுத்தா ஒண்ணைப் பிடுங்கிக்கும். எது போனா உங்களுக்குப் பரவாயில்ல?"

"எது எது போகும், சொல்லுங்க."

"ரெண்டு கண்ணாடியா வச்சுக்கலாம். எல்லாமே தெளிவா தெரியும், ஆனா மாத்தி மாத்திப் போடணும்."

குழியார் கிரீஸ் படிந்த இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"சரி, அது வேண்டாம்ண்ணே. முழுக்கக் கிட்டத்துப் பவர் போட்டா அடிப்பக்கம் பூரா பளிச்சுன்னு இருக்கும். ஆனா அந்தக் கோடியில யாராவது வண்டிய நகர்த்தினா உங்களுக்குப் புகை மாதிரிதான் தெரியும்."

"நான் உயிரோட வீட்டுக்குப் போகணும்மா."

"மேலயும் கீழயும் ரெண்டு துண்டு வச்சும் லென்ஸ் வருது. அண்ணாந்தாலும் தெரியும், குனிஞ்சாலும் தெரியும். நடுவுல தூரத்துக்கு ஒரு பட்டைதான் மிஞ்சும். படி எறங்கறப்போ கால் மங்கும்."

குழியார் படியைப் பார்த்தார். எட்டாவது படியில் எப்போதும் எண்ணெய்.

"கீழ எனக்கு எழுத்து வேண்டாம். கால் தெரிஞ்சா போதும். மேலதான் கிட்டம் வேணும்."

"பேப்பர் படிக்கறது?"

"அதுக்கு இந்தப் பழசு இருக்கே. வீட்டுல வச்சுக்கறேன்."

"அப்ப சாதாரண ரெண்டு பவர் லென்ஸையே தலைகீழா வெட்டிடறேன். துண்டு மேல வந்துடும்."

சொன்ன வேகத்தில் குழியாருக்கு அது விளையாட்டு மாதிரி இருந்தது. "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்னு சொல்லிடலாம். வெட்டறப்போதான் தெரியும்." லென்ஸக்கா அவர் முன்னால் நின்று, "நேரா பாருங்க. இப்ப மெதுவா அண்ணாந்து பாருங்க. நிறுத்துங்க" என்று சொல்லிச் சொல்லி, போட்டிருந்த கண்ணாடியிலேயே மார்க்கரால் புள்ளி வைத்தார். துண்டு எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்பதற்கு அந்தப் புள்ளி. கொஞ்சம் கீழே வந்தால் எதிரே நிற்கிற ஆள் முகம் மங்கும். கொஞ்சம் மேலே போனால் கழுத்து பழையபடி மடங்கும். "உங்க கழுத்து வலி இந்த ரெண்டு மில்லிமீட்டர்ல இருக்கு. அசையாதீங்க."

கடைசியாக ஒன்று கேட்டார். "கண்ணாடியிலயே போடறதா, பிளாஸ்டிக்கா?"

"கண்ணாடியே போடுங்க. பிளாஸ்டிக் ரெண்டே மாசத்துல கீறிடும். இங்க விழற மண்ணு அப்படி."

"மண்ணு மட்டுமா விழுது? சுத்தியல்ல தட்டறீங்க, துருத் துண்டு தெறிக்குது. கண்ணாடி கீறாது, ஆனா உடையும். உடையாத பிளாஸ்டிக் இருக்கு, கீறும். கீறல் விழுந்தா என்கிட்ட வாங்க, மாத்தித் தர்றேன். கண்ணுல சில்லு ஏறினா யார்கிட்ட போவீங்க?"

குழியார் பிளாஸ்டிக்குக்குத் தலையாட்டினார்.

சனிக்கிழமை சாயங்காலம் வெட்டுவதைப் பார்க்கப் பின்னறையில் ஒரு ஸ்டூல் கிடைத்தது. லென்ஸக்கா இரண்டு வட்ட லென்ஸை எடுத்தார். உறையில் வலது, இடது என்று அச்சடித்திருந்தது. அவர் வலது என்று எழுதியிருந்ததை இடது கண் பக்கம் வைத்தார், இடதை வலது கண் பக்கம்.

எட்டிப் பார்த்த முதலாளி, "தலைகீழா வெட்டறதோட நிக்காம கண்ணையும் மாத்தறியே. அவரு பஸ்ஸைப் பாக்கணுமா, உன்னைத் திட்டணுமா?" என்றார்.

"வந்து கையில எடுத்துப் பாருங்க" என்றார் லென்ஸக்கா. "கிட்டத்துல எதையாவது பாத்தா ரெண்டு கண்ணும் மூக்கு பக்கமா சேரும். அதனால துண்டை நடுவுல வைக்காம மூக்கு பக்கம் தள்ளித்தான் வச்சிருப்பாங்க. இதைத் தலைகீழா திருப்புங்க. துண்டு எந்தப் பக்கம் போச்சு?"

முதலாளி வலது லென்ஸைத் திருப்பினார். துண்டு மேலே வந்தது, கூடவே காதுப் பக்கம் போய்விட்டது.

"அதனாலதான் இதை அந்தக் கண்ணுக்கு, அதை இந்தக் கண்ணுக்கு. அண்ணனுக்கு ரெண்டு கண்ணும் ஒரே பவர். இல்லன்னா தனியா எழுதி அனுப்பி வரவழைக்கணும், மாசக்கணக்காகும்."

முதலாளி லென்ஸை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுக் கல்லாவுக்குப் போனார். குழியார் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தன் இரண்டு ஆள்காட்டி விரலையும் கண்ணுக்கு முன்னால் பிடித்து, மூக்குப் பக்கம் கொண்டுவந்து கொண்டுவந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வருஷமாகக் கூடவே இருக்கிற கண். அது சேர்ந்து பிரிகிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

சாணைக்கல்லில் லென்ஸ் உரசியது. லென்ஸக்கா ஒரு சுற்றுக்கு ஒருமுறை எடுத்து ஃபிரேமில் வைத்துப் பார்ப்பார், மறுபடி உரசுவார். ஒரு இடத்தில் கல்லைத் தொட்டும் தொடாமலும் ஒரே ஒரு இழுப்பு. குழியார் அதைக் கவனித்தார். நட்டைக் கடைசிக் கால் சுற்று முறுக்கும்போது தன் கை எப்படி இருக்குமோ, அந்தக் கை அப்படி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் புதுக் கண்ணாடிக்கு ஒத்திகை. மாடிப்படி ஏறி இறங்கினார், சுகமாக இருந்தது. பேப்பரை எடுத்தார், எழுத்து ஒன்றும் பிடிபடவில்லை. பழைய கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டுக்கொண்டு, பேப்பரை இரண்டு கையாலும் தலைக்கு மேல் விரித்துப் பிடித்து அண்ணாந்து படிக்க ஆரம்பித்தார்.

மகள் காலேஜ் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். "அப்பா, பேப்பருக்கும் பிரேக் பாக்கறீங்களா?"

"சும்மா இரும்மா. நல்லாத்தான் தெரியுது."

"கை வலிச்சா அதுக்கும் அம்மாகிட்ட தைலம் கேப்பீங்க. கண்ணாடியக் கழட்டித் திருப்பிப் பிடிங்க."

அவர் கழற்றித் தலைகீழாகப் பிடித்து மூக்கில் வைத்தார். எழுத்து வந்துவிட்டது. காதில் மாட்டுகிற கொக்கி இரண்டும் வானத்தைப் பார்த்தன. சமையலறையிலிருந்து வந்த மனைவி அந்தக் கோலத்தைப் பார்த்து, "இதோட வெளிய போயிடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து பழைய கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை. முதல் வண்டி குழிக்கு மேல் வந்து நின்றது. குழியார் இறங்கினார், டார்ச்சை வலது கையில் பிடித்தார். இடது கை பழக்கத்தில் நெற்றிக்குப் போய், அங்கே வேலை இல்லாமல் திரும்பி வந்தது. லேசாக அண்ணாந்தார். அவ்வளவுதான், கழுத்து மடங்கவே இல்லை.

அவருக்குத் தெரிந்த பஸ்தான். ஆனால் போல்ட்டின் தலையில் குத்தியிருந்த சின்ன எண் தெரிந்தது. பெயிண்ட் வழிந்து சொட்டாக நின்றது தெரிந்தது. பிரேக் குழாயைச் சுற்றிய கம்பி இரண்டு சுற்று இல்லை, மூன்று சுற்று. யாரோ சிரத்தையாகச் சுற்றியிருக்கிறார்கள். ஒரு வருஷமாக இதையெல்லாம் விட்டிருக்கிறோமே என்று ஒரு பக்கம் உறுத்தியது. இன்னொரு பக்கம், இரண்டு வட்டத் துண்டைத் திருப்பி வைத்ததற்கு இவ்வளவா என்று இருந்தது. மணியை அமுக்கினார். பின்னாலேயே ஃபோர்மேன் இறங்கி, தன் பார்வையை ஓட்டி, தலையாட்டி அனுப்பினார். இரண்டாவது வண்டியும் போயிற்று, மூன்றாவதும்.

நான்காவது வண்டியில் ஸ்பிரிங்கைத் தாங்கும் இரும்புக் கொக்கியில் தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. குழியார் மணியைத் தொடவில்லை. வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். ஐந்தாவதிலும் அதே மாதிரி ஒரு கோடு. ஓரம். அடுத்ததில் ஆக்சில் பக்கம். ஓரம். ஏழாவதில் மறுபடி கொக்கி. பத்து மணிக்குள் நான்கு வண்டி வரிசையாக நின்றது. மேலே டிரைவர்கள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஃபோர்மேன் குழிக்குள் இறங்கி வந்தார். அவர் டார்ச் அடித்து எவ்வளவு பார்த்தும் கோடு எதுவும் அவர் கண்ணில் படவில்லை.

"யோவ், போன வாரம் உனக்குக் கண்ணு தெரியலன்னு பிரச்சனை. இந்த வாரம் தெரியுதுன்னு பிரச்சனையா? நீ பாத்தது பெயிண்ட் வெடிப்புய்யா."

"இருக்கலாம்."

"இருக்கலாம்னா? பதினொரு மணிக்குள்ள மூணு வண்டியாவது போகணும். ஸ்டாப்புல நிக்கற ஜனம் உன்னைத் திட்டாது, என்னைத்தான் திட்டும். பயத்துல எல்லாத்தையும் நிறுத்தறதுக்குக் குழியில உன்னைப் போடணும்னு இல்ல, யாரைப் போட்டாலும் நிறுத்துவான். போற வண்டியைப் போகவிடத் தெரியணும்."

குழியாருக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அது நியாயம். இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்து அவருக்குப் பழக்கமே விட்டுப்போயிருந்தது. பெயிண்ட் எது, இரும்பு எது என்று கோட்டைப் பார்த்து அவரால் சொல்ல முடியவில்லை. நான்கையும் விட்டால் ஒன்று வழியில் முறியலாம். நான்கையும் நிறுத்தினால் கேட்டு நோட்டு.

"வண்டிக்குக் கால் மணி நேரம் குடு" என்றார். "மண்ணெண்ணெயும் சாக்பீஸும் வேணும்."

"சாக்பீஸா? பாடம் எடுக்கப் போறியா?"

"ஆமா. ஆனா நான் எடுக்கப் போறதில்ல."

நான்கு வண்டியையும் ஒவ்வொன்றாகக் குழிக்கு மேல் திரும்ப வரவழைத்து, கோடு இருந்த இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து மண்ணெண்ணெய் தடவினார். கொஞ்ச நேரம் ஊறவிட்டார். அப்புறம் ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் துணியால் துடைத்து, அதன்மேல் வெள்ளை வெளேரென்று சாக்பீஸைத் தேய்த்தார். சுத்தியலால் பக்கத்தில் லேசாக நாலு தட்டு.

"பெயிண்ட்டு மட்டும் வெடிச்சிருந்தா எண்ணெய் மேலோட நின்னிருக்கும், துணியோட போயிடும்" என்றார் ஃபோர்மேனிடம். "இரும்பு வெடிச்சிருந்தா உள்ள எறங்கிப் பதுங்கியிருக்கும். சாக்பீஸ் அதை உறிஞ்சி வெளிய இழுத்துடும். நாம பொறுமையா நின்னா போதும்."

நின்றார்கள். முதல் வண்டி, வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வண்டியிலும் வெள்ளை மாறவில்லை என்றதும் ஃபோர்மேன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அதையும் அனுப்பச் சொன்னார். மேலே இன்ஜின் உறுமிக் கிளம்புகிற சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. நான்காவதும் பெயிண்ட் என்றால், காலையிலிருந்து குழியார் செய்தது வெறும் பயம்தான் என்றாகிவிடும்.

நான்காவது வண்டி. வெள்ளைப் பொடிக்கு நடுவில் முதலில் ஒரு ஈரப் புள்ளி வந்தது. புள்ளி நீண்டு, வளைந்து, விரல் நீளத்துக்கு ஒரு சாம்பல் கோடாக நின்றது. இப்போது அதைப் பார்க்க யாருக்கும் விசேஷக் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை.

ஃபோர்மேன் ரொம்ப நேரம் அதையே பார்த்தார். கோட்டின் ஒரு நுனியில் விரலை வைத்து மறு நுனி வரைக்கும் இழுத்தார். விரலில் மண்ணெண்ணெய் ஒட்டியது.

"இந்த வண்டிய வெள்ளிக்கிழமை பாத்து அனுப்பினது யாரு தெரியுமா?"

குழியில் வெள்ளிக்கிழமை நின்றது யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"நான்தான்" என்றார் ஃபோர்மேன். சொல்லிவிட்டுத் தன் கோடு தெரியாத கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். படியின் அடியில் போய் நின்று மேலே பார்த்துச் சத்தம் கொடுத்தார். "இந்த வண்டி இன்னிக்குப் போகாது. கொக்கிய மாத்தணும். வேற வண்டி எடுக்கச் சொல்லு."

பிறகு குழியாரிடம் திரும்பினார்.

"எல்லா வண்டிக்கும் எல்லா இடத்துலயும் சாக்பீஸ் தேய்ச்சுட்டு நிக்க நமக்கு நேரம் கிடையாது. ஒரு வண்டிக்குக் கால் மணின்னா மத்தியானம் வரைக்கும் ரோட்டுல வண்டியே இருக்காது. எந்தெந்த இடம்னு சொல்லு. மத்ததை உன் கண்ணுக்கும் காதுக்கும் விட்டுடறேன்."

குழியார் அண்ணாந்தார். தலைக்கு மேல் ஆயிரம் இடம் இருந்தது. ஒவ்வொன்றும் என்னைச் சொல், என்னைச் சொல் என்கிற மாதிரி தெளிவாகத் தெரிந்தது. சுலபமான காரியம் இல்லை. அவர் நிதானமாக ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார்.

"ஸ்பிரிங் கொக்கி நாலு. முதல் பட்டை ரெண்டு. அதுவும் தினம் வேண்டாம், ஒவ்வொரு வண்டிக்கும் வாரம் ஒருநாள். மத்தபடி நான் கோடு பாத்தா மட்டும்."

"பிரேக் குழாய்?"

"அது ஒழுகினா கண்ணுக்கே தெரியும் இனிமே."

ஃபோர்மேன் பையிலிருந்து நோட்டை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் படி ஏறப் போனவர், இரண்டாவது படியில் நின்றார்.

"கேட்டுக்கு வேற யாரையாவது பாக்கறேன்."

"என் பின்னாடி எறங்கிப் பாப்பேன்னு சொன்னியே, இன்னும் பாதி நாள் இருக்கு."

"எதுக்கு? நான் பாத்தா தெரியவா போகுது? எனக்கு மேல வேலை கெடக்கு."

அவர் போனதும் குழியார் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, மிச்சமிருந்த சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டார். வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்தது.

"உள்ள விடு" என்றார்.